மலைச்சாமியின் செவ்வாய்க்கிழமை

1958ஆம் ஆண்டு பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில், எரியோட்டுக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பின் மோட்டார் கொட்டகையில் பெருமாள்சாமி என்பவர் வெட்டுப்பட்டுக் கிடந்தார். தோப்பு அவருடையது. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. வெட்டியவரைப் பார்த்ததாகச் சொன்ன ஒரே ஆள் தோப்புக் காவல்காரர் மலைச்சாமி.

குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடிய வக்கீலிடம் நான் அப்போது குமாஸ்தா. எதிர்த்தரப்புச் சாட்சியாகத்தான் மலைச்சாமியை முதலில் எனக்குத் தெரியும். பிறகு பத்து வருடம் பழக்கம் இருந்தது. இங்கே எழுதுவதில் பாதி கோர்ட்டுக் காகிதங்களில் உள்ளது. மீதி அவரும் அவர் மனைவி ஒச்சம்மாளும் சொன்னது.

மலைச்சாமிக்குக் காவல் வேலை பின்னால் வந்தது. அதற்கு முன் அவர் கிணறு வெட்டுகிறவர். அந்தப் பக்கத்தில் பத்தடி தோண்டினால் பாறை தட்டும். பாறையில் உளியால் துளை போட்டு, வெடிமருந்து திணித்து, திரி வைத்துத் தகர்க்க வேண்டும். ராமர் என்பவரின் செட்டில் ஆறு பேர். மலைச்சாமி பதினெட்டு வயதில் அதில் சேர்ந்தவர். உளி பிடிப்பது, கல் தூக்குவது எல்லோருக்கும் பொது. சத்தத்தை எண்ணுவது மட்டும் மலைச்சாமியின் பொறுப்பு. ஒரு தடவைக்கு ஐந்து வேட்டு வைப்பார்கள், சில நாள் எட்டு வைப்பார்கள். திரிகளைப் பற்றவைத்துவிட்டு எல்லோரும் மேலே ஏறி ஓடிவிடுவார்கள். உள்ளே வெடிக்கும் சத்தத்தை ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வேட்டு ஒட்டினாற்போல் வெடித்தால் அது ஒன்றா இரண்டா என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். வைத்ததும் வெடித்ததும் ஒத்துவந்தால்தான் கிணற்றுக்குள் இறங்குவார்கள். முதல் பன்னிரண்டு வருடத்தில் மலைச்சாமி ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை என்று ராமர் எங்கள் வக்கீலிடம் சொன்னார்.

1955இல் மலைச்சாமி, ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்கும் கமலைக் கயிறு அறுந்து கிணற்றுக்குள் விழுந்தார். இடுப்பில் அடி. எலும்பு உடையவில்லை, ஆனால் வலி நிற்கவில்லை. நிமிர்ந்து படுக்க முடியாது, ஒருக்களித்தும் படுக்க முடியாது. நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கித் தேய்த்தார். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. செட்டில் இருந்த இன்னொரு ஆள் சிலும்பிக் குழாயில் கஞ்சா வைத்துக் கொடுத்தார். மதுவிலக்குச் சட்டத்தில் கள்ளு, சாராயத்தோடு கஞ்சாவும் தடைதான். ஆனாலும் மலைப்பக்கமிருந்து பொட்டலமாக வந்துகொண்டுதான் இருந்தது. முதல் நாளே மலைச்சாமி தூங்கினார். வலி இருந்த இடத்தில்தான் இருந்தது, ஆனால் அது வேறு யாருக்கோ வலிப்பதுபோல் இருந்தது என்று பின்னால் சொன்னார். ஆறு மாதத்தில் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை என்று ஆனது.

ஒச்சம்மாள்தான் முதலில் கவனித்தவர். கடைக்கு அனுப்பினால் பாதி வழியில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவாராம். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் சோறு போடச் சொல்வாராம். பேச ஆரம்பித்த பேச்சு நடுவில் அறுந்து நிற்கும். ஆனால் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், எந்த வருடம் எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று கேட்டால் தடங்கல் இல்லாமல் சொல்வார். அதனால் அவர் வேண்டுமென்றே தன்னிடம் விளையாடுகிறார் என்றுதான் ஒச்சம்மாள் ரொம்ப நாள் நினைத்திருந்தார்.

1956 ஆவணியில் அது வீட்டோடு நிற்கவில்லை. ஒரு கிணற்றில் ஆறு வேட்டு வைத்தார்கள். மலைச்சாமி எண்ணிவிட்டு ஆறும் வெடித்துவிட்டது என்றார். ராமர் ஏணியில் பாதி இறங்கியபோது ஆறாவது வேட்டு வெடித்தது. கல் பட்டு ராமரின் இடது காது கிழிந்தது. அந்தக் காதில் அதற்குப் பிறகு அவருக்குக் கேட்கவில்லை. மலைச்சாமி ஆறு சத்தம் கேட்டதாகக் குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்லவில்லை என்பது ராமருக்கும் தெரிந்தது. காயம் ஆறிய பிறகு ராமர் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"உம் மேல கோவம் இல்லப்பு. நெசமாவே ஆறு கேட்டுச்சுன்னுதான் நீ நெனைக்கிற. அதான் எனக்குப் பயமா இருக்கு. இனிமே கெணத்துப் பக்கம் வராத."

அப்படித்தான் மலைச்சாமி பெருமாள்சாமியின் தோப்புக்குக் காவலுக்கு வந்தார். அங்கே எண்ணுவதற்கு எதுவும் இல்லை. தோப்பின் மேற்கு ஓரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு பகலெல்லாம் அதன் நிழலில் உட்கார்ந்திருப்பார். எதிரே ஒரு வரப்பு, அதன் இரு பக்கமும் மழையை நம்பிச் சோளம் போடும் மானாவாரி நிலம். வரப்பு வழியாகப் போகிறவர்கள் அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். அடுத்த நிலத்துக்காரரான பொன்னழகு அந்த வழியாகத்தான் தன் காட்டுக்குப் போவார். பொன்னழகுக்கும் பெருமாள்சாமிக்கும் வாய்க்கால் தகராறு. இருவரும் ஒருவரை ஒருவர் அரிவாளைக் காட்டி மிரட்டியதை ஊரே பார்த்திருந்தது.

ஆகவே பெருமாள்சாமி இறந்ததும் ஊர் பொன்னழகின் பெயரைத்தான் சொன்னது. கொலை நடந்த அன்று மலைச்சாமியிடம் கேட்டபோது தான் தூங்கிவிட்டதாகச் சொன்னார். மறுநாள் கேட்டபோது யாரோ போனதுபோல் இருந்தது என்றார். மூன்றாம் நாள் போலீஸ் விசாரித்தபோது, தலையில் சிவப்புத் துண்டு கட்டிக்கொண்டு, கையில் அரிவாளோடு பொன்னழகு வரப்பில் மோட்டார் கொட்டகைப் பக்கமாகப் போனதைப் பார்த்தேன் என்றார். இந்த மூன்று நாளில் அவரை யாரும் அடிக்கவில்லை, ஆசை காட்டவில்லை. பெருமாள்சாமியின் மைத்துனர் ஆண்டிச்சாமி அவரிடம் இரண்டு தடவை பேசினார். அந்த வழியாகத்தானே அவன் வந்திருக்கணும், நீ பார்த்திருப்பியே, நன்றாக யோசித்துப் பார் என்றார். மலைச்சாமி யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்கத் தெரிந்தது. ஆண்டிச்சாமி தன் அக்காவின் தாலி போன துக்கத்தில் கேட்டார். அவர் சொல்லிக்கொடுத்ததாக நான் எந்தக் காலத்திலும் நினைத்ததில்லை.

பொன்னழகு கைதானார். ஆனி மாதம் திண்டுக்கல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் முதல் விசாரணை. மலைச்சாமி கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து அதையே சொன்னார். எங்கள் வக்கீல் நாற்பது நிமிடம் குறுக்கு விசாரணை செய்தும் அசையவில்லை. துண்டின் நிறம், அரிவாளின் வளைவு, பொன்னழகு திரும்பிப் பார்த்த விதம் எல்லாம் சொன்னார். அன்று சாயங்காலம் வக்கீல் என்னிடம், இவன் பொய் சொல்கிறவன் மாதிரி இல்லையே என்றார். வழக்கு மதுரை செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போயிற்று. கொலைக் குற்றம் உறுதியானால் தூக்குத் தண்டனை கிடைக்கக்கூடிய வழக்கு.

ஆண்டிச்சாமிக்கு இப்போது ஒரே கவலை சாட்சியைப் பற்றித்தான். செஷன்ஸுக்கு இன்னும் நாலைந்து மாதம் இருந்தது. அதற்குள் பொன்னழகின் ஆட்கள் மலைச்சாமியைக் கலைத்துவிடலாம். கஞ்சாப் புகையோடு கூண்டில் ஏறினால் வழக்கே கெட்டுவிடும் என்று அரசாங்க வக்கீலும் எச்சரித்திருந்தார். அதனால் ஆண்டிச்சாமி அவரைத் திண்டுக்கல்லில் தனக்குத் தெரிந்த ஒரு தோல் மண்டியில் கொண்டுபோய்விட்டார். அங்கே வேலை, அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. மண்டியைப் பார்த்துக்கொண்டவர் அப்துல் சுக்கூர் என்ற ஐம்பது வயதுக்காரர். பீடிகூட உள்ளே வரக்கூடாது என்பவர். மலைச்சாமியை அவர் நம்பி வெளியே விடுவது, நேர் எதிரே இருந்த டீக்கடை வரைக்கும்தான்.

முதல் இரண்டு வாரம் மலைச்சாமி பட்ட பாட்டை அப்துல் சுக்கூர் என்னிடம் ஒருமுறை விவரித்தார். தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. உடம்பெல்லாம் வேர்க்கும். ஒன்றுமில்லாததற்கு மண்டி ஆட்களோடு சண்டைக்குப் போவார். கண்ணயர்ந்தால் கெட்ட கனவு. இடுப்பு வலி முழுசாகத் திரும்பி வந்தது. அப்துல் சுக்கூரின் மனைவி சர்புன்னிசா உப்பை வறுத்துத் துணியில் கட்டிக் கொடுத்தனுப்புவார். அதை இடுப்பில் வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுத்திருப்பார். ஓடிப்போக இரண்டு தடவை பார்த்தார். இரண்டு தடவையும் ரயிலடிப் பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

மூன்றாவது வாரம் கொஞ்சம் தணிந்தது. நாலாவது வாரத்தில் ஒருநாள், பதப்படுத்திய தோல்களை இருபது இருபதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டி முடித்ததும் மலைச்சாமி, ஒன்பதாவது கட்டில் ஒன்று குறைகிறது என்றார். அவிழ்த்துப் பார்த்தால் பத்தொன்பதுதான் இருந்தது. அப்துல் சுக்கூருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. மலைச்சாமி மட்டும் அந்தக் கட்டின் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாராம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவருக்கு நாளாகவே நின்றது. நேற்றுச் சோற்றுக்கு என்ன வெஞ்சனம், முந்தாநாள் யார் யார் மண்டிக்கு வந்தார்கள், திங்கட்கிழமை மழை எத்தனை மணிக்கு விட்டது என்பதெல்லாம் கேட்டவுடன் சொன்னார். கஞ்சா பழகுவதற்கு முந்தைய காலமும் அப்படியே இருந்தது. நடுவில் இருந்த மூன்று வருடம் மட்டும் அங்கங்கே சில காட்சிகளாகக் கிடந்தது. எது முந்தி, எது பிந்தி என்று தெரியவில்லை. தோப்பில் ஒருநாள் பாம்பு அடித்தது நினைவிருக்கிறது. அது மழைக்கு முன்னா பின்னா என்றால் தெரியாது.

ஐப்பசி தொடக்கத்தில் மண்டி வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. வண்டி நிறையச் சோளத்தட்டை, டவுனில் மாடு வைத்திருக்கிறவர்களுக்கு விற்கக் கொண்டுவந்தது. மலைச்சாமி வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டை ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் மனத்தில் இருந்த அந்தச் செவ்வாய்க்கிழமையில், வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சோளம் நின்றது. பொன்னழகைத் தோளிலிருந்து மேலேதான் அவர் பார்த்தார். சிவப்புத் துண்டு கட்டிய தலை, தோள், தூக்கிப் பிடித்த அரிவாள். தோளுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை, பயிர் மறைத்திருந்தது.

சோளம் தை மாதமே அறுத்தாகிவிட்டது. பங்குனியில் அந்த நிலம் வெறும் கட்டாந்தரை. அறுப்பு நடந்தபோது அவரே அங்கேதான் இருந்தார்.

பொன்னழகு அரிவாளோடு போனது நிஜம். சோளம் அறுக்கப் போயிருக்கிறார். மலைச்சாமி பார்த்ததும் நிஜம். ஆனால் அது தை மாதத்தில் ஏதோ ஒரு நாள். கொலை நடந்த செவ்வாய்க்கிழமை மலைச்சாமியிடம் இல்லை. இல்லாத இடத்தில் இது வந்து உட்கார்ந்திருந்தது.

இதை அவர் அடுத்த வாரம் பார்க்க வந்த ஒச்சம்மாளிடம் சொன்னார். மண்டிக்குப் பின்னால், தோல் பதனிட ஆவாரம்பட்டை குவித்திருந்த இடத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒச்சம்மாள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏய்யா, அப்ப அவரு அன்னைக்கு அந்த வழியாப் போகலையா?"

"போனாரா போகலையான்னு எனக்குத் தெரியாது புள்ள. அம்புட்டுத்தான்."

"தெரியாதுன்னா பேசாம இரு. கோர்ட்டுல ஏறிச் சொல்லியாச்சு. மாத்திச் சொன்னா உன்னையத்தான் உள்ள போடுவாக."

"சொல்லலைன்னா அவரத் தூக்குல போடுவாக."

ஒச்சம்மாள் அழுதார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது என்று கேட்டார். ஆண்டிச்சாமி குடும்பத்தின் தயவில்தான் அப்போது வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.  திரும்பிப் போகும்போது ஒச்சம்மாள் எதிரே இருந்த டீக்கடை வாசலில் நின்று, எதைச் சொன்னாலும் ஒரே தடவையில் தெளிவாகச் சொல்லிவிடு, இழுத்துக்கொண்டு நிற்காதே என்றார். அவ்வளவுதான் அவர் கொடுத்த சம்மதம்.

கார்த்திகையில் மதுரையில் விசாரணை. மலைச்சாமி சலவை வேட்டி கட்டி, முகம் மழித்து, கூண்டில் ஏறினார். எங்கள் வக்கீல் அவரை உடைப்பதற்கு வேறு ஏற்பாடு வைத்திருந்தார். இவர் கஞ்சாக் குடிப்பவர் என்பதை நிரூபிக்க ராமரை வரவழைத்திருந்தார். கஞ்சா ஞாபகத்தை என்ன செய்யும் என்று சொல்ல, மனநோய் ஆஸ்பத்திரியில் இருபது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டாக்டர் ரஹ்மத்துல்லாவையும் கேட்டிருந்தார். அரசாங்க வக்கீல் முதல் கேள்வியைக் கேட்டார்: சம்பவ நாளன்று என்ன பார்த்தீர்கள்?

மலைச்சாமி, எனக்குத் தெரியாதுங்க என்றார்.

கோர்ட்டில் சலசலப்பு எதுவும் இல்லை. கேள்வி விளங்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். திரும்பக் கேட்டபோது, சோளப் பயிரைப் பற்றி மண்டி வாசலில் கண்டதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுத் தமிழிலேயே கேட்டார்.

"நீ மாஜிஸ்திரேட் முன்னாடி சொன்னது பொய்யா?"

"அப்பப் பொய்யின்னு தெரியாதுங்க. பாத்ததாத்தான் இருந்துச்சு. இப்பவும் கண்ணை மூடுனா அவரு போறது தெரியுது. ஆனா சுத்திப் பயிரு நிக்குதுங்களே."

"உன்னை யாராவது வந்து பார்த்தார்களா?"

"ஆண்டிச்சாமி அய்யா ஆளுகதான் எங்கூட இருந்தாக. வேற யாரும் வரலைங்க."

அரசாங்க வக்கீல் அவரைப் பிறழ் சாட்சியாக அறிவித்து, தானே ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார். மலைச்சாமி புதிதாக எதுவும் சொல்லவில்லை. பொன்னழகு அன்று வரவில்லை என்று சொல்கிறாயா என்று கேட்டபோது, அதையும் நான் சொல்லவில்லை என்றார். பின் வரிசையில் இருந்த ஆண்டிச்சாமி பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் ரஹ்மத்துல்லா சாட்சி சொன்னார். அவர் சாட்சியத்துக்கு இனி அவசியம் இல்லைதான். ஆனால் மலைச்சாமி மாற்றிச் சொன்னது நம்பத்தக்கதா என்று நீதிபதிக்கு விளங்க வேண்டியிருந்தது. டாக்டர் மெதுவாகப் பேசுகிறவர். கஞ்சா மயக்கத்தில் இருப்பவரிடம் பத்துச் சாமான்களின் பெயரைச் சொன்னால் அப்போதே திருப்பிச் சொல்லிவிடுவார், ஐந்து நிமிடம் வேறு பேச்சுக் கொடுத்துவிட்டுக் கேட்டால் மூன்றோ நாலோதான் வரும் என்றார். அதோடு, நாம் சொல்லவே சொல்லாத சாமான் ஒன்றிரண்டையும் சேர்த்துச் சொல்வார்; அதில் அவருக்குச் சந்தேகமே இருக்காது. ஆனால் அதே ஆளிடம் பிறந்த ஊரையோ பழைய வீட்டையோ கேட்டால் பிசகாமல் சொல்வார். பழைய சரக்கு பத்திரமாக இருக்கிறது, புதிய சரக்கு உள்ளே ஏற்றப்படவில்லை என்பதுதான் இதற்குப் பொருள் என்றார். பழக்கத்தை விட்டால் ஒரு மாதத்தில் பெரும்பாலும் தெளிந்துவிடும் என்றும் சொன்னார். மூளையில் எந்த இடத்தில் இது நடக்கிறது என்று நீதிபதி கேட்டார். டாக்டர் தனக்குத் தெரியாது என்றார். யாருக்காவது தெரியுமா என்பதும் தெரியாது என்றார்.

அது அன்றைக்குச் சரியான பதில். கஞ்சாவின் மயக்கப் பொருளைத் தனியாகப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டறிந்ததே 1964இல்தான். அது போய் ஒட்டும் இடங்கள் மூளையில் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரிய இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. காதுக்கு உட்புறமாக, மூளையின் ஆழத்தில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது. அன்றன்று நடப்பதை நினைவாகப் பதிய வைப்பது அதன் வேலை. கஞ்சா ஒட்டும் அந்த இடங்கள் நெருக்கமாக இருக்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று. மூளை தன் செல்களுக்கிடையே ஓடும் சேதிகளை அடக்கி ஆள்வதற்குத் தானே சுரக்கும் ஒரு பொருளுக்காக வைத்திருக்கும் இடங்கள் அவை. கஞ்சா அங்கே போய் உட்கார்ந்தால் சேதி போக வேண்டிய அளவுக்குப் போகாது; நடந்தது பதியாது. இதையெல்லாம் நான் பத்திரிகையில் படித்தபோது டாக்டர் ரஹ்மத்துல்லா உயிரோடு இல்லை.

சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்த டாக்டரை மலைச்சாமி கோர்ட்டு வராந்தாவில் நிறுத்திக் கேட்டார். நான் பக்கத்தில் வழக்குக் கட்டுகளோடு நின்றேன். தலை இப்போது தெளிந்துவிட்டது, நாள் ஆக ஆக அந்தச் செவ்வாய்க்கிழமையும் திரும்பி வருமா என்று கேட்டார்.

"வராது மலைச்சாமி. அது உங்க கிட்ட இருந்து தொலஞ்சு போகலை. உள்ளயே வரலை. இனி அந்த நாளப் பத்தி ஏதாவது ஞாபகம் வந்தா, அதை நம்பாதீங்க."

மலைச்சாமி தலையை ஆட்டினார். 

பொன்னழகு விடுதலையானார். சந்தேகத்தின் பலன் அவருக்கு என்றுதான் தீர்ப்பில் இருந்தது; அவர் செய்யவில்லை என்று இல்லை. பெருமாள்சாமியைக் கொன்றது யார் என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை. இரண்டு கோர்ட்டில் சத்தியத்தின் மேல் இரண்டு விதமாகச் சொன்னதற்காக மலைச்சாமி மேல் தனி வழக்கு நடந்தது. யாரும் கேட்காமலே எங்கள் வக்கீல் அவருக்காக ஆஜரானார். டாக்டரின் சாட்சியத்தை எடுத்து வைத்தும் மாஜிஸ்திரேட் முழுசாக விடவில்லை. இரண்டு மாதச் சிறை. மதுரை ஜெயிலில் அதை அனுபவித்துவிட்டு 1959 ஆடியில் வெளியே வந்தார்.

ஊரில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. பெருமாள்சாமி வீட்டார் அவரைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். அவர்கள் கண்ணில் அவர் விலைபோன ஆள். பொன்னழகு வீட்டாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பொன்னழகு எட்டு மாதம் ஜெயிலில் இருந்தது இந்த ஆள் வாயால்தானே. விடுதலையான மறுவாரம் பொன்னழகு எங்கள் ஆபீஸுக்கு வந்தபோது வக்கீல் மலைச்சாமியின் பேச்சை எடுத்தார். அவன் தூங்கினேன்னு முதல் நாள் சொன்னதோட நிறுத்தியிருந்தா நான் வீட்டுல இருந்திருப்பேன் என்று பொன்னழகு சொன்னார். 

ஒச்சம்மாளின் தங்கை ஒருத்தியை நிலக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. குடும்பத்தோடு அங்கே போனார்கள். ஒச்சம்மாள் விடியுமுன் மல்லிகைக் காட்டில் பூ எடுக்கப் போனார். மலைச்சாமி பூ மார்க்கெட்டில் சுமை ஏற்றும் வேலையில் சேர்ந்தார். பஸ்ஸுக்கும் வேனுக்கும் பூக்கூடைகளைத் தூக்கிக் கொடுப்பது. இடுப்பை மடக்காமல் தலையில் சுமப்பதால் அவரால் முடிந்தது. கஞ்சாவை விட்டாரா என்று கேட்டால் விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் இடுப்பு தாங்காமல் இரண்டு தடவை குடித்ததாக அவரே என்னிடம் சொன்னார். இரண்டு தடவையும் மறுநாள் ஒச்சம்மாளிடம் உட்கார்ந்து, நேற்று நான் என்னவெல்லாம் செய்தேன், யாரிடம் என்ன சொன்னேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

வக்கீல் வேலையாக நிலக்கோட்டை கோர்ட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் அவரைப் பார்ப்பேன். டீ குடிப்போம். அதிகம் பேச மாட்டார். மார்க்கெட்டில் அவருக்குத் 'தெரியாதுக்காரர்' என்று ஒரு பெயர் விழுந்திருந்தது. நேற்று விலை என்ன, நாளைக்கு வண்டி வருமா என்று எதைக் கேட்டாலும், தெரிந்தால் சொல்வார். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் தெரியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அதனாலேயே அவர் உறுதியாகச் சொன்ன எதையும் மார்க்கெட்டில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

1966ஆம் ஆண்டு வைகாசியில் நான் அவரோடு நின்றிருந்த ஒரு காலையில் பொன்னழகு வந்தார். அவரும் தன் நிலத்தில் மல்லிகை போட ஆரம்பித்திருந்தார். எரியோட்டிலிருந்து இரண்டு கூடை கொண்டுவந்திருந்தார். தலை நரைத்து, வயதுக்கு மேல் கிழடு தட்டியிருந்தது. மலைச்சாமி கூடைகளை வாங்கி எடைக்கு வைத்தார். கூட்டம் குறையும் வரை பொன்னழகு போகாமல் நின்றார். பிறகு பக்கத்தில் வந்தார். எட்டு வருடத்தில் இருவரும் பேசியது அன்றுதான்.

"உனக்கு உண்மையிலேயே தெரியாதா?"

"தெரியாதுண்ணே."

"நான் அன்னைக்கு அந்த வழியா வந்தேனா இல்லையான்னு நீ ஒரு நாளாவது என்னையக் கேட்டிருக்கலாமே. கேக்கலையே."

மலைச்சாமி சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டார்.

"கேக்கக் கூடாதுண்ணே. வந்தேன்னு நீங்க சொன்னா வந்தது என் கண்ணுல தெரியும். வரலைன்னா அந்தக் கட்டாந்தரை தெரியும். ரெண்டுல எதுன்னாலும் நாளைக்கே நான் பாத்த மாதிரி ஆயிரும். சொல்லாதீக."

பொன்னழகு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்தவர்போல் இருந்தது எனக்கு; நான் தவறாகவும் புரிந்துகொண்டிருக்கலாம். பிறகு மலைச்சாமியின் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். பெரியவன் வத்தலக்குண்டில் சைக்கிள் கடையில் இருப்பதாக மலைச்சாமி சொன்னார். இருவரும் எதிரே இருந்த கடைக்குப் போய் டீ குடித்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எனக்குக் கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டதால் நான் போகவில்லை.